செங்காந்தள் என்னும் பெயரும் அதன் உடன்பிறந்த பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்பக்கம் எந்தப் பூவைப் பற்றியது?

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளைப் பற்றியது. மழைக்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் மலைச்சரிவுகளிலும் இலைநுனியால் பற்றி ஏறி, பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்களுடன் தீக்கொழுந்து போல் நிற்கும் கொடிமலர் இது. பாடப்புத்தகத்தில் இதனைச் செங்காந்தள் என்று படித்த மாணவரும், கார்த்திகைப்பூ என்று சொல்லும் யாழ்ப்பாணத்துப் பாட்டியும், கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் மூலனூர் உழவரும், இலாங்கலி என்று எழுதும் சித்த மருத்துவரும் ஒரே செடியைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அவர்களுள் பலருக்கு மற்றவர் சொல்லும் பெயர் தெரியாது. பூவைப் பார்த்தவர் ஒரு பெயர் வைத்தார், கிழங்கைத் தோண்டியவர் வேறொரு பெயர் வைத்தார், அதன் நஞ்சை அறிந்தவர் மூன்றாவதாக ஒரு பெயர் வைத்தார் என்பதை மனத்தில் கொண்டால் கீழே வரும் விடைகள் எளிதில் விளங்கும்.

காந்தள் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

காந்துதல் என்றால் எரிதல், கனலுதல், வெம்மை கொள்ளுதல். மிளகாய் பட்ட கை காந்துகிறது, பசியில் வயிறு காந்துகிறது என்று இன்றும் வீட்டில் பேசுகிறோம். அடிப்பிடித்த சோற்றைக் காந்தல் என்கிறோம். இந்தக் காந்து என்னும் அடியிலிருந்தே காந்தள் பிறந்திருக்கக் கூடும் என்பது தமிழறிஞர் பலர் கூறும் விளக்கம். சொல்லாராய்ச்சியில் இத்தகைய முடிவுகள் ஊகத்தின் பாற்பட்டவை என்றாலும், இங்கே ஒலியும் பொருளும் வலிந்து இழுக்காமலேயே பொருந்துகின்றன. பழம்பாடல்களும் இதற்குத் துணை நிற்கின்றன. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் இப்பூவைச் ‘சுடர்ப்பூங் காந்தள்’ என்கிறார். சுடர் என்பது விளக்கின் தீநாக்கு. எரிவதையே பெயராகக் கொண்ட பூவுக்கு எரிவதையே அடைமொழியாகவும் அவர் கொடுத்திருக்கிறார்.

காந்தி என்னும் வடசொல்லிலிருந்து (ஒளி என்னும் பொருளில்) இப்பெயரை வருவிப்பவர்களும் உண்டு. தமிழில் உயிரோடு வழங்கும் ஒரு வினையடியே பொருளைத் தெளிவாகத் தரும்போது அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் ‘செம்மை’ எதற்காகச் சேர்க்கப்பட்டது? காந்தள் என்றாலே சிவப்புதானே?

பூவைச் சில நாள் தொடர்ந்து பார்த்தவருக்கு இந்த ஐயம் தீர்ந்துவிடும். மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது இதழ்கள் பசுமஞ்சளாக இருக்கும். பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறும். முதிரும்போது இதழ் முழுவதும் சிவந்துவிடும். ஒரே கொடியில், ஒரே நாளில், இந்த நிலைகள் அனைத்தையும் காணலாம். எனவே செங்காந்தள் என்பது முழுமையாகச் சிவந்து நிற்கும் பூவின் தோற்றத்தை அழுத்திச் சொல்லும் பெயராகிறது. குறுந்தொகையின் முதற்பாட்டில் திப்புத்தோளார் முருகனின் குன்றத்தை ‘குருதிப் பூவின் குலைக்காந் தட்டே’ என்று முடிக்கிறார். போர்க்களம் சிவந்ததையும், அம்பு சிவந்ததையும், யானையின் கொம்பு சிவந்ததையும் அடுக்கிவிட்டு, இறுதியில் குன்றத்துப் பூவையும் குருதியாக்குகிறார். அந்தப் பாட்டைப் படித்தபின் செங்காந்தள் என்பதிலுள்ள செம்மை வெறும் நிறப்பெயராகத் தோன்றுவதில்லை.

இதற்கு இணையாக வெண்காந்தள் என்னும் வழக்கும் உண்டு. பழைய உரையாசிரியர்கள் கோடல் என்னும் பூவுக்கு வெண்காந்தள் என்று பொருள் எழுதினார்கள். கோடுதல் என்றால் வளைதல். இதழ்கள் பின்னோக்கி வளைவதையோ, இலைநுனி வளைந்து பற்றுவதையோ இப்பெயர் குறிக்கலாம். இரண்டுமே இக்கொடியின் இயல்பு.

தோன்றி என்பதும் காந்தள்தானா?

அகராதிகள் தோன்றிக்குச் செங்காந்தள் என்று பொருள் கூறுகின்றன. ஆனால் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைத் திறந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. தலைவியும் தோழியும் பாறையில் குவித்த 99 பூக்களின் பட்டியல் ‘ஒண்செங் காந்தள்’ என்றே தொடங்குகிறது; ஏறத்தாழ முப்பது அடிகள் கடந்தபின் ‘சுடர்ப்பூந் தோன்றி’ என்று மற்றொரு பூவும் வருகிறது. ஒரே பூவை ஒரு புலவர் ஒரே பட்டியலில் இருமுறை எண்ணுவாரா என்பது நியாயமான கேள்வி.

முல்லைப்பாட்டில் நப்பூதனார் கார்காலத்துக் காட்டை வருணிக்கும்போது, கோடலின் குவிந்த மொட்டுகள் உள்ளங்கை போல் விரிய, இதழ் செறிந்த தோன்றி குருதி போல் பூத்தது என்கிறார். இங்கே தோன்றி சிவப்பு, முல்லை நிலத்தது, மழைக்காலத்தது. காந்தளோ குறிஞ்சிக்கு உரியதாகப் பாடப்படுகிறது. சிவப்பு, சுடர், குருதி, மழைக்காலம் ஆகிய நான்கும் இரண்டு பூக்களுக்கும் ஒத்துவருவதை நோக்கும்போது, மிக நெருங்கிய இரண்டு வகைகளையோ அல்லது ஒரே செடிக்கு மலையிலும் காட்டிலும் தனித்தனியே வழங்கிய இரண்டு பெயர்களையோ கபிலர் பட்டியலில் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வட்டாரப் பெயர்களைத் தனித்தனிப் பூக்களாக எண்ணுவது இன்றைய மூலிகைப் பட்டியல்களிலும் நடப்பதுதான்.

பெயர்க்காரணம் எளிமையானது. கோடையில் இக்கொடியின் மேற்பகுதி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். நிலத்தில் செடி இருந்த அடையாளமே இராது. முதல் மழைக்குப் பின் கிழங்கிலிருந்து முளை திடீரெனத் தோன்றும். அதனால் தோன்றி எனப்பட்டது என்பர்.

மலையாளத்திலும் இப்பெயர் உண்டா?

உண்டு, அங்கே அது மேந்தோன்னி. தமிழில் ன்ற என வரும் இடங்களில் மலையாளம் ன்ன என ஒலிக்கும்: ஒன்று ஒன்னு ஆகும், மூன்று மூன்னு ஆகும், கன்று கன்னு ஆகும். அந்த முறைப்படியே தோன்றி தோன்னி ஆகியிருக்கிறது. குறிஞ்சிப்பாட்டிலும் முல்லைப்பாட்டிலும் உள்ள ஒரு பெயர், தமிழ்நாட்டின் அன்றாடப் பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்தபின்னும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் வீட்டுச் சொல்லாக வாழ்வது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

அது அங்கிருந்து கடலும் கடந்தது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார்ச் செடிகளைப் பற்றித் தொகுத்த பன்னிரண்டு தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அவற்றுள் இச்செடி மெந்தோனி என்ற பெயருடன் படமாக இடம்பெற்றது. ஐரோப்பியத் தாவரவியலாளர் சிலர் மெத்தோனிகா என்னும் பேரினப் பெயரையும் இச்செடிக்கு வழங்கினர். அது இந்த மலபார்ப் பெயரின் இலத்தீன் வடிவமே.

பிறகு ஏன் அதன் அறிவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா என்று ஆயிற்று?

சுவீடன் நாட்டவரான லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் சூட்டிய பெயர் அது. கிரேக்கமோ இலத்தீனோ அல்லாத மொழிகளிலிருந்து பேரினப் பெயர்களை எடுப்பதை அவர் விரும்பவில்லை. அத்தகைய பெயர்களை நாகரிகமற்றவை என்று விலக்கினார். எனவே மெத்தோனிகா ஒதுக்கப்பட்டு, புகழ் பொருந்தியது என்னும் பொருளுடைய குளோரியோசாவும் மாண்புடையது என்னும் பொருளுடைய சூப்பர்பாவும் நிலைபெற்றன. இரண்டும் வியப்பிலிருந்து பிறந்த சொற்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் செடியின் வடிவம், நிறம், பருவம், நஞ்சு ஆகியவற்றுள் ஒன்றைக்கூட அவை சொல்வதில்லை. பூவைக் கண்டு பிரமித்தவரின் உணர்வை மட்டுமே அவை சொல்கின்றன.

லில்லி என்று ஆங்கிலத்தில் அழைத்தாலும் இது இன்று லில்லிக் குடும்பத்தில் வைக்கப்படுவதில்லை. கோல்சிகம் என்னும் செடியின் பெயரால் அமைந்த குடும்பத்துக்கு இதனை மாற்றியிருக்கிறார்கள்.

ஈழத்தில் கார்த்திகைப்பூ என்று சொல்வது ஏன்?

வடகீழ்ப் பருவமழையில் இக்கொடி செழித்துக் கார்த்திகை மாதத்தில் பூத்து நிற்பதால் அப்பெயர் வந்தது. தமிழ்நாட்டிலும் இதன் கிழங்கைக் கார்த்திகைக் கிழங்கு என்று மூலிகை நூல்கள் குறிப்பிடுகின்றன. கார்த்திகைத் தீபம் ஏற்றும் மாதத்தில் தீச்சுடர் வடிவில் ஒரு பூ பூப்பது பெயருக்கு மேலும் பொருத்தம் சேர்க்கிறது. ஈழத்தமிழரிடையே போரில் உயிர்நீத்தோரை நினைவுகூரும் நவம்பர் 27 இதே பருவத்தில் வருவதால், அம்மக்களுக்கு இப்பெயர் மாதப்பெயராக மட்டும் நின்றுவிடவில்லை. துயரத்தின் சின்னமாகவும் ஆகியிருக்கிறது. சிங்களத்தில் இச்செடி நியங்கலா எனப்படும்.

இவ்வளவு அழகான பூவுக்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர் வைத்தவர் யார்?

உழவர்கள். அவர்கள் பூவுக்குப் பெயர் வைக்கவில்லை, கிழங்குக்கு வைத்தார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று சிற்றூர்களில் பிள்ளைகளை எச்சரிப்பது வழக்கம். பார்ப்பதால் எதுவும் நேராது. கிழங்கையும் செடியையும் கையாண்டுவிட்டு அதே கையால் கண்ணைத் தொட்டால் எரிச்சல் உண்டாகும் என்பதால், குழந்தைகளை அருகில் விடாமல் இருக்கப் பெரியவர்கள் கட்டிய காவல்மொழியாக இதனைக் கொள்ளலாம். சிவந்த கண்ணின் நிறத்தையும் பூவின் நிறத்தையும் ஒப்பிட்டு வைத்த பெயர் என்பாரும் உண்டு. முன்னைய விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் நஞ்சுள்ள ஒரு செடியைச் சிற்றூர் மக்கள் பெயரிலேயே வேலியிட்டுக் காப்பது இயல்பு.

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம், திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம், கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி ஆகிய பகுதிகளில் இது பயிராகவே விளைகிறது. அங்கே சந்தைப்பொருள் பூவன்று, கிழங்குமன்று. விதைதான் கிலோக் கணக்கில் ஏற்றுமதிக்காக விற்கப்படுகிறது. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தப்பைகளிலிருந்து விலகி நிற்பதால், காய்ப்பிடிப்பு குறையாமலிருக்கக் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். இத்தனை பூக்களைத் தினமும் தொட்டு உழைக்கும் அந்த மக்களின் பேச்சில் காந்தள் என்னும் சொல் கிடையாது. கண்வலி என்றே சொல்கிறார்கள். அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. சங்கப் புலவர் பாடிய பெயரும் உழவர் வாயில் வழங்கும் பெயரும் ஒரே அளவுக்கு மதிப்புடையவை.

கலப்பைக் கிழங்கு, இலாங்கலி ஆகிய பெயர்களுக்கு இடையே தொடர்பு உண்டா?

இரண்டும் ஒரே காட்சியிலிருந்து பிறந்தவை. கிழங்கு இரு கிளையாகப் பிரிந்து, மடக்கிய முழங்கை போல வளைந்திருக்கும். அதனைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு ஏரின் வடிவம் நினைவுக்கு வருவது இயல்பே. வடமொழியில் லாங்கலம் என்றால் கலப்பை. அதிலிருந்து லாங்கலீ என்று இச்செடிக்குப் பெயர் வந்தது. அதுவே தமிழ் மருத்துவ நூல்களில் இலாங்கலி ஆயிற்று. தமிழ்ப் பேச்சில் கலப்பைக் கிழங்கு என்பது நேரடியாக வழங்குகிறது.

வடமொழியிலும் பிற இந்திய மொழிகளிலும் வேறு எப்படி அழைக்கிறார்கள்?

தீயைக் கண்டவர்கள் அங்கும் உண்டு: அக்னிசிகா, அதாவது தீக்கொழுந்து. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே பெயர் சிறு மாற்றங்களுடன் வழங்குகிறது.

மற்றொரு தொகுதிப் பெயர்கள் மருத்துவச்சியின் கையிலிருந்து வந்தவை. கர்ப்பத்தை அழிப்பது என்னும் பொருளில் வடமொழியில் ஒரு பெயர் உண்டு. மராத்தியில் களலாவி என்பார்கள்; அம்மொழியில் கள என்பது பேற்றுவலி, லாவி என்பது உண்டாக்குவது. கிழங்கை அரைத்துப் பெண்ணின் வயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசிப் பேற்றைத் தூண்டும் பழைய வழக்கம் இப்பெயர்களில் பதிவாகியிருக்கிறது. வடமொழிக் கலிகாரி, இந்திக் கலிஹாரி ஆகியவற்றில் உள்ள கலி பூசலைக் குறிக்கும் சொல். வீட்டில் இச்செடி இருந்தால் சண்டை வரும் என்னும் நம்பிக்கையை இப்பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். பெயரிலிருந்து நம்பிக்கை பிறந்ததா, நம்பிக்கையிலிருந்து பெயர் பிறந்ததா என்பதில் எனக்கு முன்னதே சரியெனப் படுகிறது; ஒலியைக் கேட்டுக் கதை கட்டுவது எல்லா ஊர்களிலும் நடப்பது.

நாபிக்கொடி என்ற பெயர் கொப்பூழ்க்கொடியைக் குறிப்பதா?

அப்படித்தான் பலர் விளக்குகிறார்கள். எனினும் நாபி என்பதற்குக் கொப்பூழ் மட்டும் பொருளன்று. வச்சநாபி என்னும் கொடிய நஞ்சுக்கிழங்கையும் அச்சொல் குறிக்கும். தெலுங்கில் இச்செடியை அடவிநாபி, அதாவது காட்டு நாபி என்பார்கள். நஞ்சுக்காகப் பெயர்பெற்ற ஒரு கிழங்கின் பெயரையே இன்னொரு நஞ்சுக்கிழங்குக்கும் நீட்டி வழங்கியிருக்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

தலைச்சுருளி, பற்றி ஆகிய பெயர்களுக்கு இத்தகைய சிக்கல் இல்லை. இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, கிடைத்ததைப் பிடித்து ஏறுவதால் வந்தவை அவை.

கடல் கடந்த நாடுகளில்?

இது ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளரும் செடி. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. அந்நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்த 1947இல், அங்கு வந்த இளவரசி எலிசபெத்துக்கு இப்பூவின் வடிவில் செய்த வைர உடையூசி பரிசாக அளிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் பிளேம் லில்லி என்பார்கள், அதாவது தீச்சுடர் லில்லி. ஷோனா மொழியில் கஜோங்வே என்பது சிறு சேவல் என்று பொருள்படும். சேவலின் கொண்டையை அவர்கள் இப்பூவில் கண்டிருக்கிறார்கள்.

பழம்பாடல்களில் பெண்ணின் விரலைக் காந்தள் என்கிறார்களே, தீக்கும் விரலுக்கும் என்ன ஒப்புமை?

இங்கே ஒப்புமை தீயோடு இல்லை, வடிவத்தோடு. நீண்டு மெலிந்து நுனி சிவந்த இதழ்களும் குவிந்த மொட்டுகளும் விரல்களை நினைவூட்டுகின்றன. கூடலூர் கிழார் குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், கட்டித்தயிரைப் பிசைந்த தலைவியின் விரலைக் ‘காந்தள் மெல்விரல்’ என்கிறார். புதிதாக இல்லறம் தொடங்கிய பெண், தயிர் பிசைந்த கையைத் துடைத்த ஆடையை மாற்றாமல், தாளித்த புகை கண்ணில் படிய, கணவனுக்காகப் புளிக்குழம்பு சமைக்கும் பாட்டு அது. போர்க்களத்துக் குருதிக்கும் அடுக்களையில் உழைக்கும் விரலுக்கும் ஒரே பூவை உவமையாக்க நம் புலவர்களால் முடிந்திருக்கிறது.

முருகனுக்கு உரிய பூ என்பது உண்மையா?

பழைய நூல்கள் அதற்குத் தெளிவான சான்று தருகின்றன. திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடுவது காந்தட் கண்ணி. தொல்காப்பியப் புறத்திணையியல், முருகனின் பூசாரியாகிய வேலன் வெறியாட்டு அயர்தலைக் ‘காந்தள்’ என்னும் துறைப்பெயராலேயே குறிக்கிறது. ஒரு பூவின் பெயர் ஒரு சடங்கின் பெயராக உயர்ந்த அரிய இடம் அது. அதே திருமுருகாற்றுப்படை, வண்டும் மொய்க்காத காந்தள் என்கிறது. தெய்வத்துக்கு உரிய பூ என்பதால் வண்டு அணுகாது என உரைகாரர் விளக்கம் தந்தனர். ஆனால் தும்பி இப்பூவின் தாதை ஊதுவதைக் குறுந்தொகையே பாடுகிறது என்பதால், அது தெய்வ மலருக்குக் கூறிய சிறப்புரையாகும்; செடியின் இயல்பாகாது.

காந்தளூர்ச் சாலை என்னும் ஊர்ப்பெயரில் இப்பூ இருக்கிறதா?

காந்தள், ஊர் என்று சொல் தெளிவாகப் பிரிகிறது. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ என வரும் இவ்வூர், திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதி எனப் பெரும்பாலும் அடையாளம் காணப்படுகிறது. பூவால் ஊர்ப்பெயர் அமைவது தமிழில் பரவலானது என்பதால் இதனை ஏற்பதில் தடையில்லை.

வீட்டில் வளர்க்க விரும்புவோர் இத்தனை பெயர்களையும் அறிய வேண்டுமா?

இரண்டையாவது அறிய வேண்டும் என்று அழுத்தமாகக் கூறுவேன். செங்காந்தள் மாநில மலர் என்று பெருமையோடு கிழங்கை வாங்கி நடுபவர்களுள் சிலர், அது கண்வலிக்கிழங்கு என்பதை அறியாதிருக்கிறார்கள். செடியின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் நஞ்சு இருக்கிறது. கருங்கடற்கரையில் இருந்த கோல்கிஸ் என்னும் பழைய நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் அது. மிகச் சிறிய அளவில், மருத்துவர் மேற்பார்வையில், கீல்வாதத்தின் ஒரு வகைக்கு மருந்தாகும் இப்பொருள், அளவு மீறினால் உயிரணுக்கள் பிரிவதைத் தடுத்து உயிரைப் பறிக்கும். வற்றாளையோ (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) வேறு உணவுக்கிழங்கோ என்று எண்ணி இதனை அவித்து உண்டவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். தற்கொலைக்கும் இக்கிழங்கு பயன்பட்டிருக்கிறது.

ஆகவே தொட்டியில் பெயர்ப்பலகை வைப்பவர்கள் செங்காந்தள் என்பதற்குக் கீழே கண்வலிக்கிழங்கு என்றும், அதன் கீழே நஞ்சு என்றும் எழுதி வையுங்கள். குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடத்தில் கொடியை ஏற்றுங்கள். கிழங்கைத் தோண்டினால் சமையலறைக் காய்கறிகளோடு வைக்காமல் தனியே வைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். யாரேனும் தவறுதலாக உண்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே கண்வலிக்கிழங்கு என்ற பெயரையே சொல்லுங்கள்.